பூட்டுக்கா, கூரைக்கா? சிங்கப்பூரைக் கட்டிய கைதிகளின் கணக்கு



சம்பள நாளன்று மாலையில் நம் தோட்ட வீடுகளில் நடந்துவந்த ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். அப்பா சம்பளப் பணத்தை அம்மாவிடம் கொடுக்கிறார். அம்மா அதைக் கூறு கூறாகப் பிரிக்கிறார். அரிசிக்கு இவ்வளவு, கடைக்காரர் பற்றுக்கு இவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு இவ்வளவு. எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அப்போது வீட்டில் ஒரு வாதம் கிளம்புகிறது. "பக்கத்து லயத்தில் திருட்டுப் போயிருக்கிறது, கதவுக்கு நல்ல பூட்டு ஒன்று வாங்க வேண்டும்" என்கிறார் அப்பா. "கூரை ஒழுகுகிறது, முதலில் தகரம் மாற்ற வேண்டும், பிள்ளைகள் நனைகின்றன" என்கிறார் அம்மா. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கையில் இருக்கும் பணமோ ஒன்றுக்குத்தான் போதும்.

ஓர் அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்திலும் நடப்பது ஏறக்குறைய இதே வாதந்தான். சிறைச்சாலை, காவல், நீதிமன்றம் ஆகியவை பூட்டுக்கு ஆகும் செலவு. சாலை, குடிநீர், கால்வாய், வீடு, நகரமைப்பு ஆகியவை கூரைக்கு ஆகும் செலவு. எதற்கு எவ்வளவு என்பதில் எல்லா நாடுகளிலும் எல்லாக் காலங்களிலும் கருத்து மோதல் இருந்து வந்திருக்கிறது. ஆனால் இந்த இரண்டு செலவும் ஒரே கணக்கேட்டில், ஒரே பக்கத்தில் கலந்து கிடந்த ஓர் ஊர் உண்டு. அங்கே சிறைச்சாலைதான் நகரத்தைக் கட்டியது. அந்த ஊர் சிங்கப்பூர். அதைக் கட்டிய கைதிகளில் பலர் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள். அந்தக் கணக்கைத்தான் இன்று நாம் புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

1819ஆம் ஆண்டு ஸ்டாம்ஃபர்ட் ராபிள்ஸ் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இறங்கினார். சில ஆண்டுகளிலேயே அந்த ஊர் மளமளவென்று பெருகியது. கடைகளும் குடிசைகளும் கண்ட இடத்தில் முளைத்தன. 1822ஆம் ஆண்டு இறுதியில் ராபிள்ஸ் ஒரு நகரக் குழுவை அமைத்து, ஊரை ஒழுங்குபடுத்தத் திட்டம் தீட்டச் செய்தார். லெப்டினென்ட் பிலிப் ஜாக்சன் என்பவர் வரைபடம் வரைந்தார். சீனருக்கு ஒரு பகுதி, ஐரோப்பியருக்கு ஒரு பகுதி, அரபியருக்கும் பூகிஸ் மக்களுக்கும் தனித்தனிப் பகுதிகள், தென்னிந்தியரான சூலியாக்களுக்கு ஆற்றின் மேல்கரையில் ஒரு பகுதி என்று அந்தப் படத்தில் வகுத்திருந்தார்கள். தெருக்கள் நேர்கோடாக இருக்க வேண்டும். கடைகளுக்கு முன்னால் மழையிலும் வெயிலிலும் மக்கள் நடந்துபோக, கூரையிட்ட நடைபாதை விட வேண்டும் என்றும் விதி வகுத்தார்கள். நம் ஊர்களின் பழைய கடைத்தெருக்களில் இன்றும் காண்கிறோமே, 'காக்கி லீமா' என்னும் ஐந்தடிப் பாதை, அதன் வேர் அங்கே இருக்கிறது.

திட்டம் அழகாக இருந்தது. பணம் எங்கே? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

சிங்கப்பூர் ஒரு சுங்கமில்லாத் துறைமுகம். வரும் சரக்குக்கும் வரி இல்லை, போகும் சரக்குக்கும் வரி இல்லை. வணிகர்கள் அங்கே வந்து குவிந்ததற்கே அதுதான் காரணம். ஆகவே அரசாங்கத்துக்கு வருமானம் வேறு வழியில் வர வேண்டியிருந்தது. அபின் விற்கும் உரிமை, சாராயம் விற்கும் உரிமை, தொடக்க காலத்தில் சூதாட்டம் நடத்தும் உரிமைகூட ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. அந்தக் குத்தகைப் பணத்தில்தான் ஆட்சி நடந்தது. எளிமையாகச் சொன்னால், பணக்காரனின் சரக்குக்கு வரி இல்லை; கூலிக்காரனின் போதைக்கு வரி இருந்தது. 1826ஆம் ஆண்டு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றையும் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஒரு தனி மாகாணமாக்கியது கிழக்கிந்தியக் கும்பினி. நான்கே ஆண்டுகளில், 1830இல், செலவு கட்டுப்படியாகாமல் அந்த மாகாண நிர்வாகத்தைக் கலைத்து வங்காளத்தின் கீழ்க் கொண்டுபோய் வைத்துவிட்டது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது கும்பினியின் கொள்கை.

இப்படிப்பட்ட கும்பினி சாலை போடக் கூலி கொடுக்குமா? கூலியில்லாமல் வேலை செய்ய ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் அதன் கையில் இருந்தார்கள்.

இந்தியாவில் தண்டனை பெற்றவர்களைக் கடல் கடத்தி அனுப்புவது அக்காலத்து வழக்கம். கறுப்புத் தண்ணீரைக் கடப்பதென்றால் சாதியும் உறவும் போயிற்று என்று மக்கள் அஞ்சிய காலம் அது. அதனால் அதைச் சாவுக்கு அடுத்த தண்டனையாகக் கும்பினி கருதியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பினாங்குக்கும் சுமத்திராவின் பெங்கூலனுக்கும் கைதிகள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் கொலைகாரரும் கொள்ளைக்காரரும் அல்லர். தமிழகத்தில் பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்ட பிறகு, 1802ஆம் ஆண்டு தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களில் ஒருவர் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. பிற்காலத்தில், 1850ஆம் ஆண்டு பஞ்சாபிலிருந்து பாய் மகாராஜ் சிங் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1856இல் சிறையிலேயே உயிர் நீத்தார். ஆங்கிலேயரின் ஏட்டில் 'குற்றவாளி' என்ற ஒரே சொல்லுக்குள் திருடனும் இருந்தான், விடுதலை வீரனும் இருந்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

1824ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பெங்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. அங்கிருந்த கைதிகளை எங்கே கொண்டுபோவது? 1825ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் 'ஹொரேஷியோ' என்ற பாய்மரக் கப்பல் சிங்கப்பூரை வந்தடைந்தது. அதில் வந்த 80 கைதிகள் முதலில் சென்னையிலிருந்து பெங்கூலனுக்கு அனுப்பப்பட்டவர்கள். ஒரு வாரம் கழித்து, வங்காளத்திலிருந்து அனுப்பப்பட்டிருந்த 122 பேர் வந்தனர். பிறகு இந்தியாவிலிருந்து நேரடியாகவே கப்பல்கள் வரத் தொடங்கின. 1860ஆம் ஆண்டுவாக்கில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியக் கைதிகள் சிங்கப்பூரில் இருந்தார்கள்.

அவர்கள் செய்த வேலைகளைக் கொஞ்சம் கேளுங்கள். 1833ஆம் ஆண்டு பொதுப்பணிக் கண்காணிப்பாளராக அமர்ந்த ஜார்ஜ் கோல்மன் என்ற அயர்லாந்துக்காரர், கைதிகளைக் கொண்டு சதுப்பு நிலங்களை மேடாக்கினார். கடலோரத்தில் நிலம் மீட்டார். நார்த் பிரிட்ஜ் சாலை, சவுத் பிரிட்ஜ் சாலை போன்ற பெருஞ்சாலைகளை அமைத்தார். கைதிகள் கருங்கல் உடைத்தார்கள், சிராங்கூன் சாலைப் பக்கம் சூளை வைத்துச் செங்கல் சுட்டார்கள், காட்டில் மரம் வெட்டினார்கள், மக்களைக் கொன்று தின்ற புலிகளைக்கூட வேட்டையாடினார்கள். நடுக்கடலில் கலங்கரை விளக்கம் எழுப்பும் வேலையிலும் அவர்களின் கை இருந்தது. பிராஸ் பாசா சாலையில் இருந்த கைதிகளின் சிறையையே கைதிகள்தாம் கட்டினார்கள். தன்னை அடைக்கும் கூட்டைத் தானே பின்னிய பறவையைப் போன்றது அவர்கள் நிலை.

சிங்கப்பூருக்குப் போயிருக்கும் நேயர்கள் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று பளிங்குபோல் நிற்கும் கட்டடம். 1856ஆம் ஆண்டு தொடங்கிய அந்தப் பணியை ரொனால்ட் மேக்பெர்சன் என்ற இராணுவப் பொறியாளர் வடிவமைத்தார். இந்தியக் கைதிகள் கட்டினார்கள். சுவருக்குப் பூசியது நம் ஊர்க் கலவை. கிளிஞ்சல் சுண்ணாம்பை மணல் சேர்க்காமல் அரைத்து, முட்டையின் வெள்ளைக் கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினார்கள். காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைவேலையின் அருமை தெரியும். ஆங்கிலேயர்கள் இதற்கு 'மெட்ராஸ் சுண்ணம்' என்று பெயர் வைத்தார்கள். பூசிய கைகளின் பெயரை அந்தச் சுவரில் யாரும் எழுதி வைக்கவில்லை.

இத்தனை பேரையும் மேய்க்கக் காவலர் வேண்டாமா? காவலருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே! கும்பினி இங்கேயும் சிக்கனம் பார்த்தது. கைதிகளிலேயே நன்னடத்தை உள்ளவர்களைப் பொறுக்கி எடுத்து, மற்றக் கைதிகளுக்குக் காவலராக்கியது. கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்தார்கள். புதிதாக வந்தவனுக்குக் காலில் விலங்கு, கடுமையான வேலை. ஆண்டுக் கணக்கில் ஒழுங்காக உழைத்தால் விலங்கு கழலும், மேல் வகுப்புக்குப் போகலாம், ஒரு தொழில் கற்கலாம், சிறிது கைச்செலவுப் பணமும் கிடைக்கும். முதல் வகுப்பை எட்டியவன் சிறைக்கு வெளியே தங்கித் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள அனுமதிச் சீட்டுப் பெறலாம். அந்தச் சிறையின் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர் என்பவர் 1899ஆம் ஆண்டு இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதன் பெயர், கைதிகளே தங்களுக்குக் காவலர் என்று பொருள்படும்.

அப்படிக் காவலராக உயர்ந்த கைதிக்கு என்ன பட்டம் தெரியுமா? 'தண்டல்' என்பதுதான். படகோட்டிகளின் தலைவனைக் குறித்த பழைய சொல் அது. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, பால்மரக் காட்டில் வேலையை மேற்பார்த்த தண்டலை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது தண்டல் என்றால் தோட்டத்திலேயே பிறந்த சொல் என்று நினைத்திருந்தேன். அது நம் தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே, சிறைச்சாலையின் பெரட்டிலும் ஒலித்த சொல் என்று பின்னர் அறிந்தபோது மனம் என்னவோ செய்தது.

இனி வாதத்துக்கு வருவோம். இந்த ஏற்பாட்டை அக்காலத்து மக்கள் எப்படிப் பார்த்தார்கள்?

அதிகாரிகள் சொன்னது இது: கைதிக்குச் சோறும் துணியும் எப்படியும் கொடுத்தாக வேண்டும். அடைத்து வைத்துச் சோறு போடுவதைவிட, வேலை வாங்கிக்கொண்டு சோறு போடுவது மேல். சாலையும் பாலமும் கிடைக்கின்றன, கைதியும் ஒரு தொழில் கற்று மனிதனாகிறான், கருவூலத்துக்கும் மிச்சம். தொடக்கத்தில் வணிகர்களுக்கும் இதில் மறுப்பில்லை. வரி கொடுக்காமல் சாலை கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் ஊர் வளர வளர அவர்கள் பேச்சு மாறியது. கௌரவமான வணிக நகரம் ஒன்றை இந்தியாவின் குப்பைக்கூடையாக ஆக்கலாமா என்று கேட்டார்கள். 1857ஆம் ஆண்டு இந்தியாவில் சிப்பாய்களின் கிளர்ச்சி வெடித்தபோது அவர்களின் அச்சம் உச்சத்துக்குப் போயிற்று. அங்கே பிடிபட்ட கிளர்ச்சிக்காரர்களை இங்கே அனுப்பிவிடுவார்களோ, இங்கிருக்கும் கைதிகளும் எழுந்துவிடுவார்களோ என்று ஐரோப்பியர் நடுங்கினார்கள். அந்த ஆண்டு முகரம் திருநாளின்போது ஊரே பீதியில் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஆயினும் அதே ஆண்டில் அவர்கள் இங்கிலாந்தின் நாடாளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். துறைமுக வரி போடப் பார்க்கிறார்கள், ரூபாய் நாணயத்தைத் திணிக்கிறார்கள், கைதிகளை அனுப்புகிறார்கள், எங்களைக் கேட்காமல் கல்கத்தாவில் முடிவெடுக்கிறார்கள், ஆகவே இந்தியாவின் கையிலிருந்து எங்களைப் பிரித்துவிடுங்கள் என்பது அதன் சாரம். பத்து ஆண்டு இழுபறிக்குப் பின் 1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின.

மாறியவுடன் என்ன நடந்தது? புதிய ஆளுநராக ஹாரி ஓர்ட் வந்தார். ஒரு சட்டமன்றமும் அமைந்தது. இப்போது செலவைப் பற்றி வெளிப்படையாக வாதிட ஓர் இடம் கிடைத்துவிட்டது. ஆளுநர் தமக்குப் பெரிய மாளிகை ஒன்றைக் கட்டினார், பயணம் போக 'புளூட்டோ' என்ற நீராவிக் கப்பலும் வாங்கினார். இவ்வளவு ஆடம்பரம் தேவையா என்று வணிகர்கள் பொரிந்து தள்ளினார்கள். மாளிகைக்குத் திட்டம் வரைந்தவர் அதே மெக்நேர்தான். கட்டியவர்களில் பெரும்பாலோர் கைதிகள். 1869ஆம் ஆண்டு அது கட்டி முடிந்தது. இன்று சிங்கப்பூர் அதிபரின் அதிகாரபூர்வ இல்லமாக விளங்கும் இஸ்தானா அதுவே. கைதிகளின் உழைப்பு இருந்தும் செலவு மிகுதி என்று வாதிட்டார்கள் என்றால், கூலி கொடுத்துக் கட்டியிருந்தால் அந்த வாதம் எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தச் சட்டமன்றத்தில் அதிகாரிகள் இருந்தார்கள், வணிகர்கள் இருந்தார்கள், 1869 முதல் வாம்போவா என்று அழைக்கப்பட்ட சீனப் பெருவணிகர் ஹூ ஆ கேயும் இருந்தார். கல் உடைத்தவனுக்காகப் பேச அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை. செலவைப் பற்றிப் பேசியவர்கள் செலவழித்தவர்களும் வரி கட்டியவர்களுமே; உழைத்தவர்கள் அல்லர்.

1873ஆம் ஆண்டு இந்தியக் கைதிகளின் முகாம் மூடப்பட்டது. தண்டனை மிச்சமிருந்தவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களில் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கி, வண்டியோட்டியாகவும் கொத்தனாராகவும் மாடு வளர்ப்போராகவும் மக்களோடு மக்களாகக் கலந்துவிட்டார்கள்.

நேயர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கைதிகள் போய்விட்டால் சாலையும் வாய்க்காலும் யார் வெட்டுவது? ரப்பருக்கு முன்னால் கரும்புக்கும் காப்பிக்கும் காடு திருத்துவது யார்? கைதிக் கப்பல்கள் நின்ற அதே காலத்தில் ஒப்பந்தக் கூலிகளின் கப்பல்கள் பெருகின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிய நம் முன்னோர் குற்றவாளிகள் அல்லர், வறுமையால் வந்தவர்கள். ஆனால் ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு ஓடினால், அதைச் சட்டம் வெறும் கடன் தகராறாகப் பார்க்கவில்லை, குற்றமாகப் பார்த்தது. பிடித்துச் சிறையில் அடைத்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில்தான் மலாயாவில் ஒழிந்தது. ஆக, அந்தக் காலத்துச் சிறையின் செலவில் ஒரு பகுதி யாருக்காகச் செலவிடப்பட்டது? முதலாளிக்குக் கூலியாள் ஓடிப்போகாமல் இருப்பதற்காக! பொதுப்பணத்தில் வாங்கிய பூட்டு, தனியார் வீட்டுக் கதவில் தொங்கியது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்கள். சிறைக்குப் பணம் ஒதுக்கும்போது எந்தக் குற்றத்தைத் தடுக்க ஒதுக்குகிறார்கள் என்று கேட்கத் தவறக் கூடாது என்பதற்கு இது பாடம்.

இருபதாம் நூற்றாண்டில் வாதம் வேறு உருவெடுத்தது. சிங்கப்பூரில் மக்கள் நெருக்கமாக வாழ்ந்த அறைகளில் காச நோய் பரவியது. 1927ஆம் ஆண்டு சிங்கப்பூர் மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. அது முப்பத்திரண்டு ஆண்டுகளில் கட்டிய வீடுகள் சுமார் 23,000. தேவைக்கு முன்னால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இதற்கிடையே 1936ஆம் ஆண்டு சாங்கியில் பெரிய நவீனச் சிறை ஒன்று திறக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பிறகு, முதல் ஐந்து ஆண்டுகளிலேயே ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பணத்தை எங்கே வைக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய மாற்றத்தை உண்டாக்கும் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். பெர்ல்ஸ் ஹில் அடிவாரத்தில் இருந்த பழைய ஊட்ரம் சிறையை இடித்துவிட்டு, அந்த இடத்தில் 1970ஆம் ஆண்டுவாக்கில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டினார்கள். பூட்டு இருந்த இடத்தில் கூரை வந்தது.

அதே ஆண்டுகளில் சிறையைச் சீர்திருத்தவும் ஒரு முயற்சி நடந்தது. சிறைகளை ஆராய அமைக்கப்பட்ட ஆணையத்துக்குத் தேவன் நாயர் தலைமை தாங்கினார். மலாக்காவில் ரப்பர் தோட்டமொன்றில் எழுத்தராக இருந்தவரின் மகன் அவர். பின்னாளில் 1981 முதல் 1985 வரை சிங்கப்பூரின் அதிபராக இருந்தவர். அடைத்து வைப்பதால் மட்டும் மனிதன் திருந்த மாட்டான், உழைப்பால் திருந்துவான் என்ற எண்ணத்தில் 1960ஆம் ஆண்டு புலாவ் செனாங் என்ற தீவில் மதிலில்லாத் தடுப்பு முகாம் தொடங்கப்பட்டது. இரகசியக் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் என்று தடுத்து வைக்கப்பட்டவர்கள் காட்டை அழித்துச் சாலையும் கட்டடமும் அமைத்தார்கள். பலர் திருந்தி வெளியேயும் வந்தார்கள். ஆனால் 1963ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் கலவரம் வெடித்தது. தீவின் கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் அவரோடு பணியாற்றிய அதிகாரிகள் சிலரும் கொல்லப்பட்டார்கள். மூன்று ஆண்டு உழைப்பு ஒரு மணி நேரத்துக்குள் சாம்பலாயிற்று. 1965ஆம் ஆண்டு 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

பழைய கைதி முறை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நடந்தது. இது மூன்றே ஆண்டில் எரிந்தது. ஏன் இந்த வேறுபாடு? பழைய முறை கொடுமையானதுதான். ஆனால் அதில் ஏணியின் படிகள் கண்ணுக்குத் தெரிந்தன. இத்தனை ஆண்டு உழைத்தால் விலங்கு கழலும் என்று கைதிக்குத் தெரியும். தீவில் இருந்தவர்களோ வழக்கு விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்கள். விடுதலை எப்போது என்பது மேலிருப்பவரின் மதிப்பீட்டைப் பொறுத்தது. நம்பிக்கை இல்லாத இடத்தில் உழைப்பு மருந்தாகாது, வெறும் சுமையாகிவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்காகக் கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் சிறைக்கு ஒதுக்கும் பணம் சுவருக்கும் பூட்டுக்கும் மட்டும் போனால் போதாது. வெளியே வரும் மனிதனுக்கும் போக வேண்டும். 1976ஆம் ஆண்டு கைதிகளுக்குத் தொழில் கற்பித்து வேலை தேடித் தருவதற்கென்றே சிங்கப்பூர் ஒரு கழகத்தை அமைத்தது இந்தப் பாடத்தை உணர்ந்ததால்தான் என்று கொள்ளலாம்.

நம் கோலாலம்பூருக்கும் இதே கதை உண்டு. புடு சிறையை 1891 முதல் 1895 வரை கட்டினார்கள். அப்போது அது ஊருக்கு ஒதுக்குப்புறம். நகரம் வளர்ந்து வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. நூறாண்டுக்குப் பிறகு அந்த நிலம் பொன் விளையும் நிலமாயிற்று. 1996ஆம் ஆண்டு சிறை மூடப்பட்டது. அதை வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்க வேண்டும் என்று சிலர் குரல் கொடுத்தார்கள். பெருமைப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று 2010ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் அரசாங்கத் தரப்பில் பதில் வந்தது. அந்த ஆண்டே மதில் இடிக்கத் தொடங்கி, 2012க்குள் கட்டடம் மறைந்தது. நுழைவாயில் மட்டும் நினைவாக நிற்கிறது. இன்று அங்கே பெரிய வணிக வளாகமும் உயர்ந்த மாடிகளும் இருக்கின்றன.

சிறையைப் பார்த்துப் பெருமைப்பட முடியாது என்பது உண்மைதான். ஆனால் வரலாறு பெருமைக்காக மட்டும் படிக்கப்படுவதில்லை. கணக்குத் தெரிவதற்காகவும் படிக்கப்படுகிறது. சுவரை இடித்துவிட்டால் கணக்கேட்டின் ஒரு பக்கம் கிழிந்துபோகிறது.

தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே! நம்மில் பலர் தோட்டத்தை விட்டு நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் விற்கப்பட்டபோதும் நகரமைப்புத் திட்டத்தில் நமக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்ததா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் அனுபவத்தில் அறியும். வேலையும் வீடும் ஒரே நாளில் போன பிள்ளை, தெரு முனையில் நின்று தவறான கூட்டத்தில் சேர்ந்தால், அவனுக்குப் பிறகு சிறையில் ஓர் இடம் நிச்சயம் இருக்கும். முன்னதற்குச் செலவழிக்காத பணத்தைப் பின்னதற்குச் செலவழிக்க வேண்டி வரும். கூரை ஒழுகும் வீட்டில் எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டு என்ன பயன்? அதற்காகப் பூட்டே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. திருட்டுக்குப் பயந்து வாழும் ஏழைக்கும் பாதுகாப்புத் தேவை.

ஆகவே ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் அறிவிக்கப்படும்போது, எந்தப் பொருளின் விலை ஏறியது என்று மட்டும் பார்த்துவிட்டுச் செய்தித்தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பணம் யாரிடமிருந்து வந்தது? இந்த வேலையை யார் செய்தார்கள், அவர்களுக்குக் கூலி கிடைத்ததா? இது முடிவாகும் இடத்தில் நமக்காகப் பேச ஒருவர் இருந்தாரா? 1825ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கரையில் விலங்கோடு இறங்கிய அந்த மனிதர்களுக்கு இந்த மூன்று கேள்விகளையும் கேட்க வாயில்லை. நமக்கு வாய் இருக்கிறது, வாக்குச் சீட்டும் இருக்கிறது.

அடுத்த முறை சிங்கப்பூருக்குப் போனால் அந்த வெள்ளைத் தேவாலயத்தின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: இந்தச் சுவரின் மெருகு நம் ஊர்ச் சுண்ணாம்பின் மெருகு, இதைத் தேய்த்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது, ஆனால் கணக்கில் அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி இன்னும் இருக்கிறது.

வணக்கம்.